வார்டிலிருந்து வகுப்பறைக்கு: நர்ஸ்கள் கேட்டதும் நான் சொன்னதும்

நர்சிங் ஆசிரியை ஆவதற்காக எம்.எஸ்சி. நர்சிங் என்ற முதுகலைப் படிப்பில் சேர்வது பற்றிக் கடலூர், புதுச்சேரிப் பக்கத்து நர்ஸ்கள் கேட்டவற்றிலிருந்து சில. நான் நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறவள்.

பண்ருட்டியிலிருந்து: ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ) முடித்துப் பன்னிரண்டு வருடமாக வார்டில் இருக்கிறேன் மேடம். நேராக எம்.எஸ்சி. சேரலாமா?

முடியாது சிஸ்டர். முதலில் டிப்ளமோ முடித்தவர்களுக்கான பட்டப்படிப்பான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. 2 வருடம், அதன் பிறகு எம்.எஸ்சி. 2 வருடம். எம்.எஸ்சி. சேர இந்திய நர்சிங் கவுன்சில் கேட்பது: பட்டப்படிப்பில் 55 சதவீதம், நர்ஸ்-மிட்வைஃப் பதிவு, ஒரு வருட வேலை அனுபவம். போஸ்ட் பேசிக் வழியாக வருகிறவர்களுக்கு அந்த அனுபவம் படிப்புக்கு முன்னால் இருந்தாலும் செல்லும். ஆக, உங்கள் பன்னிரண்டு வருடம் வீண் போகாது. போஸ்ட் பேசிக்கில் 54 வாங்கிவிட்டு வந்து நிற்காதீர்கள், அவ்வளவுதான்.

வில்லியனூரிலிருந்து: வேலையை விடாமல் படிக்க வழி உண்டா?

இல்லை. இது முழுநேரப் படிப்பு. வகுப்பும் உண்டு, வார்டு போஸ்டிங்கும் உண்டு. "வராவிட்டாலும் பரவாயில்லை, அட்டெண்டன்ஸ் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒரு கல்லூரி சொன்னால் அங்கே சேராதீர்கள். அப்படிப் படித்துவிட்டு மாணவிகள் முன்னால் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? அரசு வேலையில் இருப்பவர்கள் ராஜினாமா பற்றி யோசிக்கும் முன், துறை வழியாகப் படிப்பு விடுப்பு கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

இடம் என்றால் ஜிப்மர் நர்சிங் கல்லூரி இருக்கிறது, நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். சிதம்பரத்தில் ராணி மெய்யம்மை நர்சிங் கல்லூரி, முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. பிள்ளையார்குப்பம் பக்கமும் உண்டு. எங்கே சேர்ந்தாலும், நீங்கள் எடுக்கப்போகும் பிரிவுக்கு அந்த வருடம் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

விருத்தாசலத்திலிருந்து: எந்தப் பிரிவு எடுக்கலாம்?

மெடிக்கல் சர்ஜிக்கல், மகப்பேறு, குழந்தைகள், மனநலம், சமூக நலம் என்று ஐந்து இருக்கின்றன. கல்லூரிகளுக்கு எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். எட்டு வருடம் லேபர் வார்டில் இருந்துவிட்டு, தோழி சேர்கிறாள் என்பதற்காக மனநலம் எடுக்காதீர்கள்.

நெய்வேலியிலிருந்து: எனக்குக் கைவேலை நன்றாக வரும், வாய் வராது. நான் ஆசிரியை ஆக முடியுமா?

கூச்சம் ஒரு மாதத்தில் போய்விடும். அனுபவசாலிகளுக்கு உண்மையான சிக்கல் வேறு. ரத்தக் குழாயில் ஐ.வி. போட உங்களுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் ஊசியை எவ்வளவு சாய்த்தீர்கள், ரத்தம் பின்னால் தெரிந்ததும் ஏன் கொஞ்சம் உள்ளே தள்ளிய பிறகே கேனுலாவை, அதாவது ஊசிமேல் இருக்கும் மெல்லிய குழாயை, நகர்த்தினீர்கள் என்று கேட்டால் யோசிப்பீர்கள். கை அதை மறைத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பதுதான் ஆசிரியை வேலை.

கைவேலையைக் கற்பிக்க பெய்ட்டன் என்ற மருத்துவர் சொன்ன நான்கு படிகள் இதற்கு உதவும். முதலில் பேசாமல், வழக்கமான வேகத்தில் செய்து காட்டுங்கள். அடுத்து, விளக்கிக்கொண்டே மெதுவாகச் செய்யுங்கள். மூன்றாவதில் மாணவி சொல்லச் சொல்ல நீங்கள் செய்கிறீர்கள். அவள் எதை விட்டாள் என்பது அங்கேதான் பிடிபடும். கடைசியில் அவளே சொல்லிச் செய்கிறாள். நேரம் இல்லை என்று நம்மில் பலர் தாண்டிவிடுவது அந்த மூன்றாவதைத்தான். இன்றைக்கு வார்டில் புதிதாகச் சேர்ந்த சிஸ்டரிடமே முயன்று பாருங்கள், எம்.எஸ்சி. வரை காத்திருக்க வேண்டாம்.

பாகூரிலிருந்து ஒரு தம்பி: எம்.எஸ்சி.யில் எழுத வேண்டிய ஆய்வேடு, அந்த டெசர்டேஷன், கஷ்டமா?

கைடைப் பொறுத்தது தம்பி. "ஸ்ட்ரக்சர்டு டீச்சிங் புரோகிராமின் பயன்" என்று தொடங்கும் தலைப்புகள் நூலகத்தில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பாடம் நடத்தினால் மதிப்பெண் கூடும் என்பதை நிரூபிக்க 2 வருடம் எதற்கு? உங்கள் வார்டில் தினமும் எரிச்சலூட்டும் ஒன்றை எடுங்கள்: கேனுலா போட்ட இடம் வீங்குவது, படுக்கைப் புண், ஷிஃப்ட் மாறும்போது விட்டுப்போகும் தகவல். எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு முதல் வருடத்திலேயே ஓடுங்கள், தாமதமெல்லாம் அங்கேதான்.

சிதம்பரத்திலிருந்து: ஐ.சி.யூ.வை விட மனமில்லை. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பு சரிவருமா?

அதுவும் 2 வருடம்தான், தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இருந்து படிப்பது. நோயாளி பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றால் அதை எடுங்கள். மாணவிகளோடு இருக்க ஆசை என்றால் எம்.எஸ்சி.