"நாடு மண்ணின் மக்களுக்கே" என்ற குடியேற்றக் கொள்கையில் என்ன தப்பு? பர்மாவில் பிறந்தவனின் பதில்

கேட்டவர் எழுதியிருப்பது இதுதான்: "வெளியாட்களை உள்ளே விடுவதிலும் அகதிகளுக்கு இடம் கொடுப்பதிலும் ஒரு நாடு தன் இனத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் என்ன தப்பு? அதுதானே தேசபக்தி?"

நீங்கள் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரயில் நிறைய வந்து இறங்கும் வடநாட்டுத் தொழிலாளிகளைப் பார்த்த எரிச்சலில் கேட்டிருக்கலாம். உங்கள் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். இன்று மியான்மர் என்கிற பர்மாவில்தான் நான் இன்னும் இருக்கிறேன். இங்கே என் வீட்டில் நான்கு தலைமுறையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

எல்லையே வேண்டாம், யார் வேண்டுமானாலும் வரட்டும் என்று நான் சொல்லவில்லை. கதவு இல்லாத வீட்டில் யாரும் தூங்க முடியாது, தெரியும். பர்மியருக்கு அன்று இருந்த கோபமும் காரணமில்லாத கோபம் இல்லை. 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் ஜனத்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர். 1930-இல் நெல் விலை விழுந்ததும் கடன் கட்ட முடியாமல் போன விவசாயிகளின் நிலம் கைமாறி, 1938 வாக்கில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார் வட்டிக் கடைகளிடம் இருந்தது. சொந்த ஊரில் சொந்த வயலுக்கே குத்தகைக்காரன் ஆனவனுக்குக் கோபம் வராதா? இதை எழுதியதற்காக நகரத்தார் யாரும் என் மேல் வருத்தப்பட வேண்டாம். அந்தக் கடைகள் இல்லாமல் அந்த வயல்களே திருந்தியிருக்காது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் என் தாத்தா செட்டியார் இல்லை. ராமநாதபுரம் சீமையிலிருந்து கங்காணி கூட்டிக்கொண்டு வந்த ஆள். மோன் இனத்தார் வாழும் பக்கத்தில் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கினார். நிலத்தைப் பிடித்தவர் மேல் வந்த கோபம் கடைசியில் வந்து விழுந்தது மூட்டை தூக்கியவர் தலையில். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகக் கலவரத்தில் செத்தவர்களும் கூலிகள்தான், தெலுங்குக் கூலிகள்.

சுதந்திரம் வந்த 1948-இல் போட்ட விதி அவ்வளவு கடுமை இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் பிறந்தவன், பத்து வருஷத்தில் எட்டு வருஷம் இங்கே வாழ்ந்திருந்தால், இங்கேயே இருக்கப் போகிறேன் என்று மனுப் போட்டுக் குடியுரிமை கேட்கலாம். எங்கே வாழ்கிறாய், எங்கே வாழப் போகிறாய் என்று கேட்ட சட்டம் அது. நம் ஆட்களில் நிறையப் பேர் மனுவே போடவில்லை. கைநாட்டு ஆட்களிடம் விஷயத்தை எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. "நாம எங்க போகப் போறோம்" என்று இருந்துவிட்டார்கள். என் தாத்தா போட்டார். பதில் வரவே இல்லை. ஒரு ரசீது மட்டும் கொடுத்தார்கள்.

அந்த ரசீதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். உள்ளங்கை அளவு காகிதம், நாலாக மடித்தது. மடிப்பில் கிழிந்துபோய்ப் பின்பக்கம் சோற்றுப் பசையால் டிஷ்யூ ஒட்டியிருக்கும். சாமி படத்துக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில், தாத்தாவின் வெளிநாட்டார் பதிவுப் புத்தகத்தோடு கிடக்கும். அந்தப் புத்தகத்துக்கு வருஷா வருஷம் பணம் கட்டிப் புதுப்பித்தார். அந்நியன் என்று எழுதி வைத்திருந்த புத்தகத்துக்குத்தான் சாகும்வரை பணம் கட்டினார்.

1964-இல் நே வின் என்ற ராணுவத் தலைவரின் அரசு கடைகளை எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்றார்கள். அடுத்த சில வருஷங்களில் சுமார் மூன்று லட்சம் இந்தியர் கப்பலேறினார்கள். தாத்தாவின் தம்பி குடும்பமும் போனது. வியாசர்பாடியில் குடிசை போட்டார்கள். அங்கே அவர்களுக்குப் "பர்மாக்காரன்" என்று பெயர். இங்கே இருந்த எங்களுக்குக் "கலா" என்று பெயர். கடல் கடந்து வந்தவன் என்ற அர்த்தத்தில் சொல்வது என்பார்கள். எந்தத் தொனியில் சொல்கிறார்கள் என்பது கேட்கிறவனுக்குத் தெரியும்.

பிறகு வந்தது 1982 சட்டம். நீங்கள் கேட்கிற கொள்கை அச்சு அசலாகச் சட்டமானது அப்போதுதான். 1823-க்கு முன்னால் இந்த மண்ணில் குடியிருந்த இனம் என்றால் முழுக் குடிமகன். 1823 ஏன் தெரியுமா? 1824-இல் முதல் ஆங்கிலேய-பர்மிய யுத்தம். வெள்ளைக்காரனோடு வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. 1948 சட்டப்படி மனுப் போட்டு முடிவு வராதவர்களுக்கு இரண்டாம் படி. பர்மிய மொழியில் அந்தப் படிக்குப் பெயரே "விருந்தாளிக் குடிமகன்". அதற்கும் கீழே, சான்று காட்டி அனுமதி பெற்றவர்களுக்கு மூன்றாம் படி. அடையாள அட்டையின் நிறமும் மாறும்: ரோஸ், நீலம், பச்சை. பிறப்பால் முழுக் குடிமகனாக இல்லாத யாருடைய குடியுரிமையையும் நாட்டு நலன் என்று சொல்லி அரசு பறித்துக்கொள்ளலாம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

எனக்குப் பதினெட்டு வயதானபோது, 1992-இல், அப்பா என்னை அட்டை ஆபீசுக்குக் கூட்டிப் போனார். ஊர் பெயர் வேண்டாம். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, புதுக் கைலி, கையில் அந்தத் தகர டப்பா. அப்பாவுக்கு மோன் மொழியும் பர்மியமும் தண்ணீர் பட்ட பாடு. இங்கே பிறந்தவர், இங்கேயே பள்ளிக்கூடம் போனவர். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அப்பாவைவிட இருபது வயது குறைவு. "கலா ஜீ, உட்கார்" என்றார். அப்பா உட்காரவில்லை. டப்பாவைத் திறந்து ரசீதை இரண்டு கையாலும் எடுத்து வைத்தார். அந்த மனிதர் அதை விரலால் தொடாமல் பென்சில் முனையால் திருப்பிப் பார்த்தார். மடிப்பில் மெல்லக் கிழிந்தது. அப்பாவின் கை முன்னால் போய்ப் பாதியில் நின்றதைப் பார்த்தேன்.

இனம் என்ற கட்டத்துக்கு வந்தபோது நான் வாய் திறந்தேன். "சயா (ஐயா), தமிழ் என்று போடுங்கள்." பட்டியலில் தமிழ் இல்லை என்றார். நாட்டின் இனங்கள் 135 என்கிறார்கள், அதில் நாங்கள் கிடையாது. "இந்தியா, இந்து" என்று எழுதினார். நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. ஏழு மாதம் கழித்து நீல அட்டை வந்தது. எண்ணின் நடுவே, அடைப்புக்குறிக்குள், விருந்தாளி என்ற அந்தச் சொல். என்ஜினியரிங் படிக்க ஆசைப்பட்டேன், மார்க்கும் இருந்தது. விண்ணப்பப் படிவம் வாங்கப் போன இடத்தில் நீல அட்டையைப் பார்த்துவிட்டுப் படிவத்தையே தரவில்லை. கணக்கு படித்தேன். இன்றுவரை டியூஷன் எடுத்துப் பிழைக்கிறேன்.

"உனக்கு ஏதோ ஒரு அட்டை கிடைத்ததே" என்று சிலர் சொல்வீர்கள். ஆமாம், கிடைத்தது. தாத்தா ரசீதை வைத்திருந்ததால் கிடைத்தது. எங்கள் தெருவிலேயே ரசீது இல்லாத வீடு இருந்தது. அந்தப் பெரியவர் இங்கே பிறந்து, இங்கே கிழவனாகி, வெளிநாட்டார் புத்தகத்தோடு செத்தார். பக்கத்து ஊருக்குக் கல்யாணத்துக்குப் போகக்கூட அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் அவருக்கு. இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் விசுவாசமும் இல்லை, உழைப்பும் இல்லை. ஒரு துண்டுக் காகிதம். இனம் பார்த்து வடிகட்டுகிற கொள்கை நடைமுறைக்கு வந்தால் அது தேசபக்தியை அளப்பதில்லை, டப்பாவில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறது.

மேற்குக் கரையோரத்து முஸ்லிம்களான ரோஹிங்கியாக்களை வெளியே நிறுத்தியதும் இதே சட்டம்தான். 2017-இல் 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அப்போது எங்கள் கோயிலில் சிலர் "அவர்கள் வேறு, நாம் வேறு" என்று பேசினார்கள். பயத்தில் பேசினார்கள், குறை சொல்லவில்லை. நானும் அன்று வாய் திறக்கவில்லை. அது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

இதோடு சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் எங்கள் கோயிலில் வந்து "அட, தமிழ் பேசுறீங்களே!" என்று கையைத் தட்டுகிறார்கள், செல்பி எடுக்கிறார்கள், போய்விடுகிறார்கள். கோடை விடுமுறையில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைத்து அ, ஆ சொல்லிக் கொடுக்கிறோம். நாற்பது பேருக்கும் ஆறு பாடப் புத்தகம், அதுவும் ஜெராக்ஸ். அடுத்த தடவை வரும்போது பெட்டியில் நாலு புத்தகம் போட்டு வாருங்கள். கையைத் தட்ட வேண்டாம்.

அடைக்கலம் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கியதும் எங்கள் தெருப் பையன்கள் தாய்லாந்துக்கு ஓடினார்கள். பக்கத்து வீட்டு பர்மிய அம்மாவின் மகனும் போனான். ரோஸ் அட்டைக்காரன், பரம்பரை பரம்பரையாக இந்த மண். இப்போது தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டில் ஒரு தையல் பட்டறை மாடியில் தூங்குகிறான். போலீஸ் வருகிறது என்றால் பின்பக்கம் குதிக்க வேண்டும். ஒரு சாயங்காலம் அந்த அம்மா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "அகோ (அண்ணா), சரியான அட்டை இல்லாமல் இத்தனை வருஷம் எப்படிச் சமாளித்தீர்கள்? என் பையனுக்குச் சொல்ல வேண்டும்" என்று கேட்டாள். அவளுக்கு நான் என்ன சொல்வது? தூக்கம் வராது, பழகிவிடும், காகிதம் எதையும் தூக்கி எறியச் சொல்லாதே என்றேன். தாய்லாந்துக்காரர்கள் உங்கள் கேள்வியைக் கேட்டு, எங்கள் இனம் மட்டும் போதும் என்று முடிவெடுத்தால் அந்தப் பையனை எங்கே அனுப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லையில் யாரை விடுவது என்று நாடு முடிவு செய்யட்டும். வேலை இருக்கிறதா, குற்றம் செய்தவனா, எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று பார்க்கட்டும். உள்ளே பிறந்து வளர்ந்தவனிடம் உன் பூட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று கேட்கக் கூடாது. நான் சொல்வது அவ்வளவுதான். உங்களுக்கு ஒப்பவில்லை என்றால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். கெட்ட வார்த்தை மட்டும் வேண்டாம்.

என் மகளுக்கு இப்போது பதினெட்டு. 1982 சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி அவள் முழுக் குடிமகள், ரோஸ் அட்டை வர வேண்டும். தாத்தாவின் ரசீதின் அசல் வேண்டும் என்கிறார்கள். பழைய டப்பா துருப்பிடித்துவிட்டது. ரசீதைக் கண்ணாடித் தாள் உறைக்குள் போட்டு, பென்சில் பட்டாலும் கிழியாதபடி இரண்டு அட்டைக்கு நடுவே வைத்துக் கட்டியிருக்கிறேன். தடிங்யுட் என்ற விளக்குத் திருவிழா விடுமுறை முடிந்ததும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.