தமிழில் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வகையில் வந்த நல்ல படங்கள் நாலைந்து சொல்ல முடியுமா?

சனிக்கிழமை ராத்திரி ரூமில் நாலு பேர் உட்கார்ந்து, எதைப் போடுவது என்று ஒரு மணி நேரம் ரிமோட்டைத் தேய்த்துவிட்டு இங்கே வந்து கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் சினிமா படித்தவன் இல்லை, பிடித்ததைச் சொல்கிறேன். 'ரஜினி படம் எங்கே' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், அவருக்கு என் சிபாரிசு தேவையில்லை.

துப்பறியும் கதை என்றால் 'அந்த நாள்' (1954). வீணை எஸ். பாலசந்தர் இயக்கியது. சிவாஜி ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் செத்துவிடுவார், யார் சுட்டது என்பதுதான் படம், அந்தக் காலத்திலேயே ஒரு பாட்டுகூட கிடையாது. சிரிக்க 'காதலிக்க நேரமில்லை' (1964). முழுசாகப் பார்க்கப் பொறுமை இல்லையென்றால் பாலையாவிடம் நாகேஷ் பேய்க்கதை சொல்லும் இடத்தையாவது பாருங்கள். வசனமே இல்லாமல் கமல் நடித்த 'பேசும் படம்' (1987). பேய்க்கு 'யாவரும் நலம்' (2009), புது ஃப்ளாட்டில் லிஃப்ட் மாதவனுக்கு மட்டும் வேலை செய்யாது.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்ததே பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துக்காகத்தான். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட, வேலைக்குப் போகும் அர்ச்சனா தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு வீடு கட்டப் பார்க்கிறாள். கதை அவ்வளவுதான். இதுவும் பாட்டில்லாத படம். தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர் நடிக்கிற மாதிரியே இருக்காது. 'ரொம்ப மெதுவாகப் போகிறதே' என்பீர்கள். வீடு கட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், வேகமா மெதுவா என்று.

எங்கள் அப்பா 1996ல் பி.எஃப். பணத்தை எடுத்துக் கட்டிய வீட்டில்தான் இப்போதும் இருக்கிறோம். மாடியில் ஒரு ரூம் போடலாம் என்று போன வருஷம் ஒருவரிடம் அட்வான்ஸ் கொடுத்தேன், நாலு லோடு மணலை இறக்கிவிட்டுப் போனவர் இன்னும் போனை எடுக்கவில்லை, அந்த மணலில் தெருப் பூனைகள் குடும்பம் நடத்துகின்றன. அது இங்கே எதற்கு, சரி விடுங்கள்.

ஒருநாள் ராத்திரி அப்பாவோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தேன். காண்ட்ராக்டர் சிமெண்டைக் களவாக விற்பதைச் சித்தாள் மங்கம்மா போட்டு உடைக்கும் இடம் வந்ததும் அப்பா எழுந்து போய்விட்டார். பாத்ரூம் போகிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். போய்ப் பார்த்தால் பின்கட்டில் லைட்டைப் போட்டுக்கொண்டு சுவரில் ஓடும் விரிசலை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்கிறார். விரல் முழுக்கச் சுண்ணாம்பு.

"ஆறு மூட்டை கணக்கு இடிச்சுதுடா அப்பவே. அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார்.

ஹாலில் இருந்து அம்மா குரல் வந்தது. "ஆறு இல்ல, எட்டு."

மீதிப் படத்தை அன்றைக்குப் பார்க்கவில்லை.