'அமேலி' நிறம்: முகம் பச்சையடிப்பது ஏன்?

'அமேலி' என்ற பிரெஞ்சுப் படத்தின் லட்டை (LUT, காட்சியின் நிறங்களை மொத்தமாக மாற்றும் ஆயத்தக் கோப்பு) உங்கள் காட்சியில் போட்டதும் நடிகையின் முகம் ஏன் பச்சையடிக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சாஃப்ட்வேரை விடுங்கள், உங்கள் நடிகைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளைச் சுவரைப் பாருங்கள். 2001-இல் வந்த அந்தப் படத்தின் நிறம் கேமராவுக்கு முன்னாலேயே இருந்தது. பிரேசில் ஓவியர் ஜுவாரெஸ் மஷாடுவின் ஓவியங்களிலிருந்துதான் இயக்குநர் ழான்-பியர் ழெனே அந்தப் பச்சை, சிவப்பு, பொன்மஞ்சளை எடுத்தார். உள்காட்சிகள் பெரும்பாலும் ஜெர்மனியின் கொலோனில் போட்ட செட். சுவர், திரைச்சீலை, உடை எல்லாவற்றின் நிறமும் படக்குழுவின் விருப்பம். டிஜிட்டல் கிரேடிங் (கணினியில் நிறம் திருத்துவது) அதற்கு மேல் பூசியதுதான். (பாரிஸ் தெருவின் சுவர்க் கிறுக்கல்களைக்கூடக் கணினியில் அழித்தார்கள். அந்த வசதி நமக்கு ஏது!)

நீங்கள் சிவப்புப் போர்வை, பச்சைத் திரை, மஞ்சள் பல்பு வைத்து ஒரு ஷாட் எடுத்துப் பாருங்கள். நீல நிறத்தில் ஏதாவது ஒரு பொருள் ஓரமாக இருக்கட்டும். அமேலியின் சிவப்பு அறையில் நீல விளக்கு இருக்குமே, அந்த மாதிரி. ஏற்கெனவே எடுத்த காட்சிகளுக்கு, லட்டின் தாக்கத்தைப் பாதியாகக் குறைத்து, சாஃப்ட்வேரில் முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுப் பிரித்து, அதன் நிறத்தைத் தனியாகத் திருத்துங்கள். பச்சையை நிழல் பகுதிகளில் மட்டும் ஏற்றினால் போதும்.