காரின் பென் டிரைவுக்குப் பாடல் ஏற்றும் நிரல்: கேள்வி பதில்

கேள்வி: கணினியில் ஃபிளாக் என்ற, ஒலித்தரம் குறையாத கோப்பு வடிவில் உள்ள என் பாடல்களைக் கார் பிளேயர் படிப்பதில்லை. புதியவற்றை மட்டும் எம்பி3 ஆக மாற்றிப் பென் டிரைவில் ஏற்றும் பைத்தான் நிரல் ஒன்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு 320 கிலோபிட்) தரம் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. மாற்றும் வேலையை ஒலி, ஒளிக் கோப்புகளை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற நிரலிடம் ஒப்படைத்து, எம்பி3 உருவாக்கும் லேம் குறியாக்கியில் விபிஆர் (தேவைக்கேற்ப மாறும் பிட் வீதம்) தரம் 2 என்று கொடுத்தால், சராசரியாக 190 கேபிபிஎஸ் அளவில் கோப்புகள் கிடைக்கும். ஓடும் காரில், டயர் இரைச்சலுக்கும் ஏசி காற்றுக்கும் நடுவே, இதற்கும் 320-க்கும் வேறுபாடு கேட்கிறது என்பவரை நான் நம்பமாட்டேன். ஏற்கெனவே எம்பி3 ஆக இருப்பவற்றை அப்படியே நகலெடுங்கள். மறுபடி மாற்றினால் ஒலித்தரம் குறையும்.

கேள்வி: கோப்பு திருத்தப்பட்ட நேரத்தை மூலத்துடன் ஒப்பிடுகிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எல்லாப் பாடல்களும் மறுபடி மாற்றப்படுகின்றன. ஏன்?

பதில்: கார்களுக்கான பென் டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் ஃபார்மேட் செய்யப்பட்டிருக்கும். அது திருத்த நேரத்தை 2 வினாடித் துல்லியத்தில்தான் பதிகிறது; நேர மண்டலத்தையும் குறித்துவைப்பதில்லை. ஆகவே 10:15:07 என்ற நேரம் அங்கே 06 என்றோ 08 என்றோதான் நிற்கும். உங்கள் நிரல் இரண்டும் வேறு என்று முடிவுகட்டிவிடும். 2 வினாடி வரை விட்டுக்கொடுத்து ஒப்பிடலாம் என்றாலும், என் பரிந்துரை வேறு: மூலக் கோப்பின் பாதை, அளவு, திருத்த நேரம், மாற்றிய தரம், பென் டிரைவில் வைத்த பெயர் ஆகியவற்றைக் கணினியிலேயே ஓர் எஸ்கியூலைட் கோப்பில் (ஒரே கோப்பில் அடங்கும் சிறு தரவுத்தளம்) பதிந்துவைத்து, அடுத்த முறை மூலத்தை அந்தப் பதிவோடு மட்டும் ஒப்பிடுங்கள். பின்னாளில் தரத்தை மாற்றினாலும், எவற்றை மீண்டும் மாற்ற வேண்டும் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

கேள்வி: மேக் கணினியிலிருந்து வந்த தமிழ்ப் பெயர்களில் சில மட்டும், பென் டிரைவில் இருந்தும் இல்லை என்று காட்டப்படுகின்றன.

பதில்: அந்தப் பெயர்களில் ஒகர, ஓகார உயிர்மெய்கள் உள்ளனவா என்று பாருங்கள். 'கொ' என்பதை ஒருங்குறியில் (யூனிகோட்) ககரத்துடன் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டும் நிரலுக்கு வெவ்வேறு சரங்கள். ஒப்பிடுவதற்கு முன் இரு பக்கப் பெயர்களையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியைக் கொண்டு என்எஃப்சி வடிவுக்கு, அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்த்த வடிவுக்கு, கொண்டுவாருங்கள்.

கேள்வி: திரையில் தமிழ்த் தலைப்புகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன, ஐயா.

பதில்: பாடலின் தலைப்பு, பாடகர் போன்ற விவரங்கள் எம்பி3 கோப்புக்குள் ஐடி3 என்ற குறிப்பாகப் பதியப்படும். எஃப்எஃப்எம்பெக் தானாக எழுதுவது அதன் 2.4 பதிப்பு, பழைய பிளேயர்கள் பல 2.3 பதிப்பையே சரியாகப் படிக்கும். முதலில் 2.3 பதிப்பில் எழுதும்படி எஃப்எஃப்எம்பெக்கிடம் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கட்டமே வந்தால் பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லை. காருக்கான நகலில் மட்டும் தலைப்பை ஆங்கில எழுத்தில் இடுவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: கோப்புப் பெயரில் 01, 02 என்று எண் இட்டும் பாடல்கள் வரிசை மாறி ஒலிக்கின்றன.

பதில்: பல பிளேயர்கள் பெயரைப் பார்ப்பதில்லை, கோப்புறையின் பட்டியலில் எது முதலில் பதிவானதோ அதையே முதலில் பாடும். நேரம் மிச்சமாகட்டும் என்று நான்கு பாடல்களை ஒரே சமயத்தில் மாற்றி நேரே பென் டிரைவில் எழுதினால், சிறிய பாடல் முந்திக்கொள்ளும். கணினியின் தற்காலிகக் கோப்புறையில் இணையாக மாற்றிவிட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக வரிசைப்படி நகலெடுங்கள். பழைய ஆல்பத்தின் நடுவில் ஒரு பாடல் சேர்ந்தால், அந்தக் கோப்புறையை அழித்து முழுதாக எழுதுவதே எளிது.

கேள்வி: மூலத்தில் நீக்கிய பாடல்களைப் பென் டிரைவிலும் நிரலே நீக்கலாமா?

பதில்: நீக்கலாம். ஆனால் பாடல்கள் இருக்கும் வெளி வட்டைச் செருக மறந்த நாளில், நிரலின் கண்ணுக்கு எல்லாப் பாடல்களும் நீக்கப்பட்டவையாகத்தான் தோன்றும். மூலக் கோப்புறை காலியாக இருந்தாலோ, நீக்க வேண்டியவை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினாலோ, நிரல் நின்று உங்களிடம் கேட்கும்படி எழுதுங்கள்.