ரூம்மேட் தேடும் படலம்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, போகிறபோக்கில், "ஆன்லைனில் ரூம்மேட் தேடுவதில் தப்பொன்றும் இல்லை, கேட்கிற விதத்தில் கேட்டால் போதும்" என்று சொல்லி வைத்தேன். அது என்ன கேட்கிற விதம் என்று வரிசையாக மின்னஞ்சல்கள் வந்துவிட்டன. கல்லூரி விடுதி, வேலைக்குப் போகும் பெண்களின் விடுதி, மூன்று பேர் வீடு, இரண்டு பேர் வீடு என்று வாழ்க்கையின் பெரும்பகுதியை இன்னொருத்தி செருப்புக்குப் பக்கத்தில் என் செருப்பை விட்டே கழித்தவள் நான். அதனால் இந்த இதழ் முழுக்க இதுதான்.

கேள்வி: அக்கா, ரூம்மேட் தேவை என்று ஒரு தளத்தில் விளம்பரம் போட்டேன். பதில் எழுதிய எல்லோருமே "சுத்தமாக இருப்பேன், அமைதியானவன், எல்லோருடனும் நன்றாகப் பழகுவேன்" என்கிறார்கள். யாரை நம்புவது?

தம்பி, "நான் அழுக்கன், சண்டைக்காரன், வாடகையை இழுத்தடிப்பேன்" என்று யாராவது எழுதுவார்களா? இவர்கள் பொய் சொல்வதாகக்கூட நான் நினைக்கவில்லை. தினம் இரண்டு வேளை பெருக்குகிறவரும் தன்னைச் சுத்தக்காரர் என்றுதான் நினைக்கிறார், மாதம் ஒரு முறை பெருக்குகிறவரும் அப்படித்தான் நினைக்கிறார். ஆகவே குணத்தைக் கேட்காதீர்கள். நேற்று என்ன நடந்தது, போன வாரம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

நேற்று ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்கினீர்கள்? காலையில் அலாரம் எத்தனை தடவை அடித்தது? சிரிக்காதீர்கள், இது முக்கியம். என்னுடன் இருந்த ஒருத்தி ஐந்து மணிக்கு அலாரம் வைப்பாள். அடிக்கும். தலையணைக்கு அடியில் கையை விட்டு அமுக்குவாள். ஒன்பது நிமிடத்தில் மறுபடி அடிக்கும். ஏழு மணி வரைக்கும் இதே கச்சேரி. அவள் எழுந்திருப்பது என்னவோ ஏழுக்குத்தான், ஐந்துக்கே எழுந்து உட்கார்ந்திருப்பவள் நான். தங்கமான பெண். கரண்ட் பில்லில் அவள் பங்கு ஒருநாள்கூடத் தள்ளிப்போனதில்லை. ப்ரொஃபைலில் "அமைதியானவள்" என்று எழுதியிருந்தாள். அதுவும் நிஜம்தான், அவள் எங்கே சத்தம் போட்டாள்?

அப்புறம் இவற்றையும் கேளுங்கள். போன மாதம் வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்தார்களா, எத்தனை ராத்திரி தங்கினார்கள்? வேலை வீட்டிலிருந்தா? அப்படியானால் மீட்டிங்கெல்லாம் எங்கே உட்கார்ந்து பேசுகிறீர்கள், ஹாலிலா, கதவைச் சாத்திக்கொண்டா? இந்த நிமிடம் உங்கள் சிங்க்கில் என்ன கிடக்கிறது?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: முந்தைய ரூம்மேட்டுடன் கடைசியாக எதற்குச் சண்டை வந்தது? "சண்டையே வந்ததில்லை" என்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள். மனதில் வைத்துக்கொண்டே இருந்து, திடீரென்று ஒருநாள் பெட்டியைக் கட்டுகிற ரகமாக இருக்கலாம். "இதுவரை வாய்த்த எல்லோருமே பைத்தியங்கள்" என்றால், அடுத்த பைத்தியம் நீங்கள்தான். "பாத்ரூம் லைட்டை அணைக்க மறந்துவிடுவேன், அவன் கதவில் ஒரு தாள் ஒட்டினான், முதலில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது" என்று ஒருவர் சொன்னால், அவருடைய போன் நம்பரைப் பத்திரப்படுத்துங்கள். குறை சொன்னால் வாங்கிக்கொள்ளத் தெரிந்த ஆள் அவர்.

வீடியோ காலில் பேசும்போது இப்போது இருக்கிற அறையைக் காட்டச் சொல்லலாம். முதலில் உங்கள் அறையைச் சுற்றிக் காட்டுங்கள், அவரும் தயங்காமல் காட்டுவார். சாம் காஸ்லிங் என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் 2002-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முன்பின் தெரியாதவர்களை ஆள் இல்லாத படுக்கையறைகளுக்கு அனுப்பி, இதில் வசிப்பவர் எப்படிப்பட்டவர் என்று கணிக்கச் சொன்னார்கள். ஒழுங்கும் பொறுப்பும் உள்ளவரா, புதுசுகளில் ஆர்வம் உள்ளவரா என்பதையெல்லாம் ஓரளவு நன்றாகவே சொல்லிவிட்டார்கள். பழகுவதற்கு இதமானவரா என்பதில்தான் அவ்வளவாகத் தேறவில்லை. அதற்கு அறை உதவாது, நான் மேலே சொன்ன சண்டைக் கேள்விதான் உதவும்.

இன்னொன்று, இதே கேள்விகளுக்கு உங்கள் பதிலையும் விளம்பரத்திலேயே எழுதிவிடுங்கள். "இரவு ஒரு மணி வரை விழித்திருப்பேன், ஹெட்ஃபோன் போட்டுக்கொள்வேன், பாத்திரத்தை மறுநாள் காலையில்தான் கழுவுவேன்" என்று எழுதினால் வருகிற பதில்கள் குறையும். வருகிறவர்கள் தெரிந்து வருவார்கள்.

கேள்வி: ஒரு ஆப்பில் எனக்கும் இன்னொருவருக்கும் 94 சதவீதம் பொருத்தம் என்று காட்டுகிறது. நேரில் பார்க்காமலே சரி சொல்லிவிடலாமா?

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்து அடித்துக்கொண்டவர்களை நீங்கள் பார்த்ததே இல்லையா?

அந்த 94 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அவரும் நீங்களும் உங்களைப் பற்றி டிக் அடித்த பதில்களிலிருந்துதான். அதில் பிடித்த இசைக்கும் ஒரு டிக், புகை பிடிப்பதற்கும் ஒரு டிக். மிச்சம் இருக்கிற 6-ல் என்ன இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் தேடுவேன். புகை, செல்லப்பிராணி, ராத்திரி சத்தம், அடிக்கடி தங்கும் காதலனோ காதலியோ, இவற்றில் ஒன்று அங்கே ஒளிந்திருந்தால் 94-ஐ வைத்து என்ன செய்வது?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித மேதைகள் 1962-ல் ஜோடி சேர்ப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். (அந்த வழியில் வந்த ஆராய்ச்சிக்காக ஷேப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் 2012-ல் பொருளாதார நோபல் கிடைத்தது.) ஆண்களும் பெண்களும் அவரவர் விருப்பத்தை வரிசைப்படுத்திக் கொடுத்தால், யாரும் யாரையும் விட்டு ஓடாதபடி எப்போதுமே ஜோடி சேர்த்துவிடலாம் என்று நிரூபித்தார்கள். ரூம்மேட் விஷயத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது என்பதையும் அதிலேயே காட்டிவிட்டார்கள். நாலு பேர், இரண்டு அறை என்று வையுங்கள். முதலாமவனுக்கு இரண்டாமவன்மீது பிரியம், இரண்டாமவனுக்கு மூன்றாமவன்மீது, மூன்றாமவனுக்கு முதலாமவன்மீது. நாலாவது ஆளை மூவருமே கடைசியில் வைத்திருக்கிறார்கள். எப்படிச் சேர்த்தாலும், நாலாமவனிடம் மாட்டிக்கொண்டவன் அடுத்த அறையில் தன்மீது பிரியமாக இருப்பவனைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். கணக்குப் போட்டே நாலு பேரைக் கட்டிப்போட முடியவில்லை, ஆப் மட்டும் என்ன செய்யும்? வடிகட்ட அதைப் பயன்படுத்துங்கள். முடிவு எடுக்க நேரில் போய்ப் பாருங்கள்.

கேள்வி: அறை வாடகைக்கு விடுபவர் வெளிநாட்டில் இருக்கிறாராம். படங்கள் அருமையாக இருக்கின்றன, வாடகையும் பக்கத்து வீடுகளில் பாதிதான். அட்வான்ஸ் அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா அக்கா?

வேண்டாம்.

அந்தப் படங்களைக் கூகுளில் படத்தை வைத்துத் தேடும் வசதியில் போட்டுப் பாருங்கள். வேறு ஏதோ ஊர் ஹோட்டல் அறையாகவோ, எப்போதோ விற்றுப்போன வீடாகவோ கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் என் பதில் மாறாது. வீட்டை நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ உள்ளே போய்ப் பார்ப்பதற்கு முன் ஒரு பைசாவும் போகக் கூடாது. அடையாள அட்டையின் படமும் போகக் கூடாது.

இதற்குத் தலைகீழாகவும் ஒன்று நடக்கிறது. நீங்கள் அறை விடுபவராக இருந்தால், வரப்போகிறவர் கேட்டதைவிடக் கூடுதல் தொகைக்குச் செக் அனுப்பிவிட்டு, "தவறுதலாக அதிகம் போட்டுவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்" என்பார். நீங்கள் அனுப்பிய பிறகு செக் திரும்பி வரும்.

கேள்வி: முகம் தெரியாத ஒருவரைவிட என் நெருங்கிய தோழியுடனேயே தங்குவது நல்லதுதானே? எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள்.

நல்லதாகவும் இருக்கலாம். தோழியோடு தங்கினால் நட்பு முறியும் என்பது சும்மா பொதுப்படையாகச் சொல்வது. சிக்கல் என்னவென்றால், முன்பின் தெரியாதவரிடம் கூச்சமில்லாமல் கேட்கிற எதையும் தோழியிடம் நாம் கேட்பதில்லை. வாடகை எந்தத் தேதிக்குள், உன் காதலன் வாரத்தில் எத்தனை நாள், நீ திடீரென்று காலி செய்தால் அட்வான்ஸில் உன் பங்கை யார் கொடுப்பது? "நமக்குள் என்னடி இதெல்லாம்" என்று விட்டுவிடுகிறோம். ஊர் பேர் தெரியாத ஒருத்தி வந்தால் கேட்பதையெல்லாம் இவளிடமும் கேளுங்கள். கேட்டதற்கே முகம் வாடினால், அவளை வார இறுதியில் மட்டும் சந்தியுங்கள்.

கேள்வி: நானும் ஆன்லைனில் கிடைத்த நண்பரும் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். ஓர் அறை பெரியது, பால்கனி உண்டு. மற்றது சின்னது, வெளிச்சமும் குறைவு. வாடகையைப் பாதிப் பாதி பிரித்தால் ஒருவருக்கு அநியாயம். எப்படிப் பிரிப்பது?

ஒருவர் பிரிக்கட்டும், மற்றவர் எடுக்கட்டும். மொத்த வாடகை 100 என்றால் நீங்கள் யோசித்து, பெரிய அறைக்கு 58, சின்னதற்கு 42 என்று விலை வையுங்கள். எந்த அறை தனக்கு வேண்டும் என்று நண்பர் முதலில் சொல்வார். எது மிஞ்சினாலும் அது உங்களுக்கு. எந்த அறை மிஞ்சும் என்று தெரியாது என்பதால் உங்களுக்கு எதுவானாலும் சம்மதம் என்கிற மாதிரிதான் விலை வைப்பீர்கள். அவருக்கும் புகார் இருக்காது, அவர்தானே எடுத்தார்.

மூன்று பேர் என்றால் கொஞ்சம் சிக்கல். அதற்கும் வழி இருக்கிறது. ஃபிரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999-ல் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுதினார். வெவ்வேறு விலைகளைச் சொல்லி, "இந்த விலையில் உனக்கு எந்த அறை?" என்று ஒவ்வொருவரிடமும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே போனால், ஒவ்வொருவரும் வேறு வேறு அறையைச் சொல்லும் ஒரு பிரிவினையை நெருங்கிவிடலாம் என்று காட்டினார். நிரூபணம் எனக்கு முழுசாக எட்டவில்லை. ஆனால் வீட்டில் மூன்று பேர் தரையில் உட்கார்ந்து ஒரு தாளில் விலையை அடித்து அடித்து எழுதினால் ஒரு சாயங்காலத்தில் முடிகிற வேலைதான்.

கேள்வி: வீட்டு வேலை எல்லாவற்றையும் நான்தான் செய்கிறேன். கேட்டால் ரூம்மேட்டும் "நான்தான் செய்கிறேன்" என்கிறான். எப்படி அவனுக்குப் புரியவைப்பது?

இரண்டு பேரும் தனித்தனித் தாளில், வீட்டு வேலையில் என் பங்கு எத்தனை சதவீதம் என்று எழுதுங்கள். கூட்டினால் அநேகமாக 100-ஐத் தாண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் 1979-ல் வெளியிட்ட ஆய்வில் தம்பதிகளிடம் இப்படித்தான் கேட்டார்கள், தாண்டத்தான் செய்தது. நாம் குனிந்து துடைத்தது நமக்கு ஞாபகம் இருக்கும். மற்றவர் துடைத்தபோது நாம் வெளியே போயிருப்போம்.

முறை வைத்துச் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. "இது உன் முறை, போன வாரம் நான் உனக்காகச் செய்தேன்" என்று கணக்குத்தான் வளரும். வேலையையே பங்கு போட்டுவிடுங்கள். பாத்ரூம் முழுக்க அவன் பொறுப்பு, சமையலறை உங்கள் பொறுப்பு. பாத்ரூம் அழுக்கானால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே வராது.

கேள்வி: வாடகை ஒப்பந்தத்தில் என் பெயர் மட்டும் இருக்கிறது. புதிதாக ஒருவரைச் சேர்க்கப் போகிறேன். அவர் வாயால் சொன்னால் போதாதா?

அவர் வாடகை தராமல் போனால் ஹவுஸ் ஓனர் உங்களைத்தான் பிடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாலும்கூட, பல நாடுகளில் முழு வாடகையையும் இருவரில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்கிற உரிமை அவருக்கு உண்டு. உள்வாடகைக்கு விட உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்பதை முதலில் ஒப்பந்தத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் எழுத்தில் வாங்குங்கள். பிறகு உங்களுக்குள் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ளுங்கள்: வாடகைப் பங்கும் தேதியும், அட்வான்ஸில் யார் எவ்வளவு, காலி செய்வதானால் எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும், விருந்தாளி தொடர்ந்து எத்தனை ராத்திரி. அவர் வருகிற அன்று சுவர், குழாய், மெத்தை எல்லாவற்றையும் படம் எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொண்டால் பின்னால் பேச்சு மிச்சம்.

கேள்வி: ஒரு பெண்ணோடு வீடியோ காலில் பேசினேன், பொது இடத்தில் நேரிலும் பார்த்தேன். நல்ல பெண்தான். ஆனால் ஏனோ எனக்குச் சரிவரும் என்று தோன்றவில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? ஒரு வாரமாகப் பதில் போடாமல் இருக்கிறேன்.

அவள் அந்த ஒரு வாரமாக வேறு வீடு பார்க்காமல் காத்துக்கொண்டிருப்பாள், அம்மா. காரணம் எழுத வேண்டாம். எழுதினால் "அதை நான் மாற்றிக்கொள்கிறேனே" என்று பதில் வரும், நீங்களும் இளகிவிடுவீர்கள். இப்படி அனுப்புங்கள்: "உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி. யோசித்துப் பார்த்ததில் இது எனக்குச் சரிவராது என்று தோன்றுகிறது. தாமதத்துக்கு மன்னியுங்கள், உங்களுக்குச் சீக்கிரமே நல்ல இடம் அமையட்டும்." இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.