விலை குறைந்த எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலியை மதிப்பிடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: கடையில் நின்றபடியே பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும், கம்பிச்சுருளும் காந்தமும் கொண்ட பாகம்) தரத்தை அறிய முடியுமா?

ஓரளவு முடியும். முதலில் ஆம்ப்பில் (ஒலிபெருக்கியில்) இணைக்காமலேயே வாசித்து, எல்லா ஃப்ரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை) ஒலி நீடிக்கிறதா, எங்காவது சட்டென்று அடங்கிவிடுகிறதா என்று கவனியுங்கள். கம்பியின் அதிர்வில் இல்லாத எதையும் பிக்கப் தந்துவிடாது. பிறகு டிஸ்டார்ஷனும் (கரகரப்பு) ரிவெர்பும் (எதிரொலிப்பு) இல்லாத ஒலியில் முழுக் கார்டு ஒன்றை மீட்டி, ஆறு கம்பிகளும் தனித்தனியாகக் கேட்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்டார்ஷனை ஏற்றினால் மட்டமான பிக்கப்புகூடக் கம்பீரமாகத்தான் ஒலிக்கும். கடைக்காரர் அப்படி வைத்திருந்தால் தயங்காமல் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கிலோ ஓம் (காயிலின், அதாவது கம்பிச்சுருளின், மின்தடை அளவு) அதிகமுள்ள பிக்கப் தரமானதா?

இல்லை. பழைய பாணி ஸ்ட்ராட் (ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர்) கிட்டாரின் சிங்கிள் காயில் (ஒரே சுருள் கொண்ட பிக்கப்) ஏறத்தாழ 6 கிலோ ஓமும், பழைய பாணி ஹம்பக்கர் (இரண்டு சுருள் கொண்டது) ஏறத்தாழ 8 கிலோ ஓமும் காட்டும். சுற்றுகளைக் கூட்டாமல், மெல்லிய செப்புக் கம்பியைப் பயன்படுத்தினாலே மின்தடை உயர்ந்துவிடும் என்பதால், அந்த எண்ணை மட்டும் வைத்து ஒலியின் அளவைக்கூடச் சொல்ல முடியாது.

கேள்வி: செராமிக் காந்தம் என்றாலே மட்டம் என்கிறார்களே?

செராமிக் மலிவானது என்பதால் தொடக்கநிலைக் கிட்டார்களில் மிகுதியாகக் காணப்படுகிறது. அந்தக் கெட்ட பெயருக்குப் பாதிக் காரணம் அதுதான். கிட்டார் மாடல்களில், ஸ்குவையர் அஃபினிட்டியில் செராமிக்கும், ஸ்குவையர் கிளாசிக் வைபிலும் யமஹா பசிஃபிகா 112வி-யிலும் அல்நிகோவும் (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த காந்தம்) உள்ளன. வேறுபாடு காதுக்குத் தெரியும். ஆனால் உரத்த ராக் இசைக்குச் செராமிக்கை விரும்பித் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு.

கேள்வி: என் கிட்டாரின் ஹம்பக்கர் மந்தமாக ஒலிக்கிறது. மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். கம்பிகள் பழையனவாக இருந்தால் முதலில் புதியவற்றைப் பூட்டுங்கள். அடுத்தது உயரம்: கடைசி ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பகுதிக்கும் பிக்கப்பின் முனைக்கும் இடையே ஏறத்தாழ 2 மி.மீ. இருக்கும்படி வைத்துத் தொடங்கி, கால் திருகு கால் திருகாக ஏற்றியும் இறக்கியும் கேளுங்கள். நெக் பக்கத்தில் கம்பி அதிகம் அசைவதால், அங்குள்ள பிக்கப்பைச் சற்றுத் தாழ்த்தினால் இரண்டும் சமமாகும். சிங்கிள் காயிலை மிக நெருக்கமாக வைத்தால், காந்தம் தடித்த கம்பிகளை இழுத்து, சுருதி தள்ளாடுவதைப் போன்ற ஒலியை உண்டாக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் மந்தம் நீங்கவில்லை என்றால், வால்யூம் பாட்டின் (ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள மாறுமின்தடை) மதிப்பைப் பாருங்கள். ஹம்பக்கருக்கு வழக்கமானது 500 கிலோ ஓம்; 250 இருந்தால் உச்ச ஒலிகள் மங்கும். நீளமான கேபிளும் அதையே செய்யும்.

கேள்வி: சிங்கிள் காயிலில் இரைச்சல் வருவது பழுதா?

கிட்டாரைப் பிடித்தபடி திரும்பும்போது இரைச்சல் கூடிக் குறைந்தால், அறையிலுள்ள மின்சாதனங்களின் காந்தப்புலத்தைப் பிக்கப் வாங்குகிறது என்று பொருள். அது அதன் இயல்பு. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் ஹம்பக்கரை உருவாக்கியதே இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான். மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டாரில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்றும் எதிர்க் காந்த முனையும் கொண்டு அமைந்திருந்தால், அது பக்கத்துப் பிக்கப்புடன் சேர்ந்து ஒலிக்கும் ஐந்து நிலை சுவிட்சின் 2, 4ஆம் நிலைகளில் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

கேள்வி: அப்படியானால் எப்போதுதான் மாற்றுவது?

சத்தத்தைக் கூட்டியதும், கம்பிகளை நன்றாக அடக்கிப் பிடித்திருந்தும், பிக்கப் கீச்சென்று கத்தினால் மாற்றலாம். காயிலுக்குள் மெழுகு சரியாக ஏறாததே பெரும்பாலும் அதற்குக் காரணம். மற்றபடி உங்கள் ஆம்ப் சிறிய பயிற்சி ஆம்ப்பாக இருந்தால், அதே பணத்தை அதில் போடுவதையே பரிந்துரைப்பேன்.