காம்பு நீக்குவதா, விடுவதா?

கேள்வி: சிவப்பு ஒயினுக்குத் திராட்சையைக் காம்பு நீக்கிய பிறகே நொதிக்க வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். ஆனால் பிரான்சின் பர்கண்டி பகுதியைப் பற்றிய ஒரு நிகழ்ச்சியில் கொத்துகளை அப்படியே தொட்டியில் கொட்டினார்கள். எது சரியான முறை? – வாசகர், திருச்சி

பதில்: இரண்டும் வழக்கத்தில் உள்ளவையே, பர்கண்டியிலேயே இதில் இரு கட்சிகள் உண்டு. 2006-இல் மறைந்த ஒயின் தயாரிப்பாளர் ஆன்றி ஜாயே, பினோ நுவார் திராட்சையைக் காம்பு முழுவதையும் நீக்கிய பிறகே நொதிக்க வைத்தார். அவர் வாழ்ந்த அதே வோன்-ரோமனே கிராமத்தின் ரோமனே-கோன்டி பண்ணையோ பெரும்பாலும் முழுக் கொத்துகளையே பயன்படுத்துகிறது.

எடையில் காம்பு சொற்பம்தான். ஆனால் அதிலுள்ள டானின் துவர்ப்பைக் கூட்டும். பொட்டாசியம் சாற்றில் கலந்து புளிப்பைத் தணிக்கும். தோலிலிருந்து இறங்கும் நிறத்திலும் ஒரு பகுதியைக் காம்பு உறிஞ்சிக்கொள்ளும். காம்பு முற்றாமல் பச்சையாக இருந்தால், குடைமிளகாயை நறுக்கும்போது எழுகிற வாசனை ஒயினிலும் ஏறிவிடக்கூடும். மறுபுறம், தொட்டியில் மேலெழுந்து திரளும் தோல்களுக்கிடையே சாறு வடிந்தோடக் காம்புகள் வழிவிடுகின்றன. கொத்தோடு உடையாமல் கிடக்கும் பழங்கள் உள்ளுக்குள்ளேயே மெல்ல நொதித்துத் தனி மணமும் தருகின்றன. பக்கத்திலுள்ள போஜலேயில் கமே திராட்சையைக் கொத்தாகவே இடுவது இந்த மணத்துக்காகத்தான்.

காம்பு நீக்கும் இயந்திரத்தில் துளைகள் நிறைந்த உருளை ஒன்று படுக்கைவாட்டில் சுழலும். அதனுள் சுழலும் தண்டிலுள்ள துடுப்புகள் கொத்தைத் தட்ட, பழங்கள் துளை வழியே கீழே உதிரும். காம்புகள் மறுமுனையில் வெளியேறும். வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டினால் காம்புகள் நொறுங்கிப் பழத்தோடு விழுந்துவிடும். அதற்கு இயந்திரமே வேண்டாம் என்று விட்டுவிடலாம்.

என் கருத்தில், கட்சி பிரிந்து வாதாடுவதைவிட அறுவடை நாளில் காம்பைப் பார்த்து முடிவெடுப்பதே முறை. பழுப்பேறி மரத்தன்மை அடைந்திருந்தால் ஒரு பகுதியை விட்டுவைக்கலாம். பச்சையாக இருந்தால் நீக்கிவிடுவதே நல்லது.

கேள்வி: ஷாம்பெயினுக்கும் இது பொருந்துமா? – அதே வாசகர்

பதில்: பொருந்தாது. அங்கே சாற்றை முதலில் பிழிந்தெடுத்த பிறகுதான் நொதிக்க வைக்கிறார்கள். கையால் பறித்த முழுக் கொத்துகளே பிழிபொறிக்குள் செல்கின்றன. காம்புகளுக்கிடையே சாறு விரைந்து வடிவதால், கறுப்புத் திராட்சையிலிருந்தும் தோலின் நிறம் அதிகம் ஏறாத சாறு கிடைக்கிறது. 4,000 கிலோ திராட்சையிலிருந்து 2,550 லிட்டருக்கு மேல் சாறு எடுக்க விதி இடம் தருவதில்லை.